தபால் கப்பல் ஒப்பந்தங்கள்: இந்தியப் பாதையில் பேரம் எப்படி நடந்தது?

கேள்வி இதுதான்: பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே தபால் கொண்டுபோக நீராவிக் கப்பல் கம்பெனிகளுக்கு வருஷா வருஷம் லட்சக்கணக்கான பவுண்டு கொடுத்தார்களே, அந்தத் தொகையை யார், எப்படிப் பேசி முடித்தார்கள்? உண்மையான டெண்டரா, அல்லது வேண்டியவர்களுக்குத் தூக்கிக் கொடுத்ததா?

நேரடியாகச் சொல்கிறேன். டெண்டர் விட்டார்கள், விளம்பரமும் கொடுத்தார்கள். ஆனால் இந்தியப் பாதையைப் பொறுத்தவரை டெண்டர் போடும் நிலையில் இருந்தது பெரும்பாலும் ஒரே கம்பெனிதான். அது பி. அண்ட் ஓ., அதாவது பெனின்சுலர் அண்ட் ஓரியண்டல் என்ற நீராவிக் கப்பல் கம்பெனி. அந்த நிலை ஒரே நாளில் வந்துவிடவில்லை. கையெழுத்தான ஒவ்வொரு ஒப்பந்தமும், அடுத்த முறை போட்டிக்கு வரக்கூடியவனை இன்னும் கொஞ்சம் தூரத்தில் தள்ளி வைத்தது. அந்த வரிசையைப் பார்த்தால்தான் தொகை எங்கிருந்து வந்தது என்று புரியும்.

முதலில், அரசு எதற்குக் காசு கொடுத்தது? கடிதத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசவில்லை. வருஷத்துக்கு இவ்வளவு என்று மொத்தத் தொகை. பை நிறையக் கடிதம் வந்தாலும் பாதிப் பை வந்தாலும் அதே தொகைதான். அரசு வாங்கியது தேதியை. இன்ன நாளில் இந்தத் துறைமுகத்தை விட்டுக் கிளம்ப வேண்டும், இத்தனை மணி நேரத்துக்குள் அந்தத் துறைமுகத்தைச் சேர வேண்டும், தவறினால் அபராதம். சரக்கு இன்னும் ஏறவில்லை, பயணிகள் வந்து சேரவில்லை என்று காத்திருக்க முடியாது. 1830களின் துடுப்புச் சக்கரக் கப்பல் நிலக்கரியை அள்ளி விழுங்கும். நீண்ட பாதையில் போகும்போது சரக்கு வைக்க வேண்டிய இடத்தை நிலக்கரியே பிடித்துக்கொள்ளும். பயணிகள் கட்டணத்தையும் கொஞ்சம் சரக்கையும் நம்பி, குறித்த நாளில் கப்பல் விட எந்த வியாபாரியும் துணிய மாட்டான். அந்தத் துணிச்சலுக்கான விலைதான் தபால் மானியம்.

பேரம் பேசிய இடம் தபால் இலாகா அல்ல என்பதும் பலருக்குத் தெரியாது. 1837 முதல் 1860 வரை இந்த ஒப்பந்தங்கள் கடற்படையின் தலைமை நிர்வாகமான அட்மிரால்டியின் கையில் இருந்தன. அதனால் தபாலுக்குச் சம்பந்தமில்லாத நிபந்தனைகள் உள்ளே வந்தன. கப்பலைக் கடற்படை சோதித்துத் திருப்தி அடைய வேண்டும், போர் வந்தால் அரசு எடுத்துக்கொள்ளலாம். தபாலுக்குப் பொறுப்பாகக் கடற்படை அதிகாரி ஒருவர் கப்பலிலேயே வருவார். கிளம்பிய நேரம், சேர்ந்த நேரம், தாமதத்துக்கான காரணம் எல்லாம் அவர் குறிப்பில் ஏறும். அபராதப் பேச்சு வந்தால் அந்தக் குறிப்புதான் சாட்சி.

பி. அண்ட் ஓ.வின் ஆரம்பம் இந்தியாவில் இல்லை, ஸ்பெயின், போர்ச்சுகல் கரையில். பிராடி வில்காக்ஸ், ஆர்தர் ஆண்டர்சன் என்ற இருவர் நடத்திய கம்பெனி அந்தக் கரைக்கு வாராந்தரத் தபால் கொண்டுபோக 1837 ஆகஸ்ட் 22 அன்று ஒப்பந்தம் செய்தது. வருஷத்துக்கு 29,600 பவுண்டு. மறு மாதமே, ஆண்டர்சனும் அவர் மனைவியும் பயணம் செய்த 'டான் யுவான்' என்ற புத்தம் புதிய கப்பல் திரும்பும் வழியில் ஸ்பெயினின் தெற்கு முனையில் பாறையில் மோதிப் போனது. தபாலையும் ஆட்களையும் காப்பாற்றிவிட்டார்கள். மூன்றே ஆண்டில் அதே கம்பெனி அலெக்சாந்திரியா வரை போகும் ஒப்பந்தத்தையும் வாங்கி, 1840 டிசம்பர் 31 அன்று அரச சாசனம் பெற்று, பெயரில் 'ஓரியண்டல்' என்ற சொல்லைச் சேர்த்துக்கொண்டது.

அதே காலத்தில் அட்லாண்டிக் பக்கம் நடந்ததையும் சொல்ல வேண்டும், டெண்டர் என்ற சொல்லுக்கு அன்று என்ன பொருள் என்பதை அது காட்டும். 1838 கடைசியில் வட அமெரிக்கத் தபாலுக்கு அட்மிரால்டி டெண்டர் கேட்டது. வந்த இரண்டு டெண்டர்களும் நிபந்தனைக்கு ஒத்துவரவில்லை என்று தள்ளப்பட்டன. கெடு முடிந்த பிறகு, நோவா ஸ்கோஷியாவின் ஹாலிஃபாக்ஸிலிருந்து சாமுவேல் கியூனார்ட் லண்டன் வந்து அதிகாரிகளோடு நேரில் உட்கார்ந்து பேசி, 1839 மே மாதம் கையெழுத்து வாங்கிவிட்டார். அந்தப் பாதையில் ஓட்டக்கூடிய நீராவிக் கப்பல் ஒன்றுகூடக் கையில் இல்லை. கிளாஸ்கோவில் கப்பல் எந்திரம் கட்டிய ராபர்ட் நேப்பியர், 'நீங்கள் கேட்கும் அளவுக் கப்பல் இந்தக் கடலைத் தாங்காது, பெரிதாக வேண்டும்' என்று சொல்ல, கியூனார்ட் திரும்பவும் அட்மிரால்டியிடம் போய்த் தொகையை ஏற்றிக்கொண்டார். ஏற்கெனவே அட்லாண்டிக்கில் கப்பல் ஓட்டிக்கொண்டிருந்த கிரேட் வெஸ்டர்ன் கம்பெனி, மறுபடி டெண்டர் விடாமல் தனியாகப் பேசி முடித்தது அநியாயம் என்று முறையிட்டது. விஷயம் பின்னால் நாடாளுமன்றக் குழு வரை போனது. அவர்கள் கோபத்தில் நியாயம் இருந்தது என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் கியூனார்டின் கப்பல்கள் சொன்ன தேதிக்குக் கிளம்பின. அரசுக்கு அது போதும்.

சரி, இந்தியாவுக்கு வருவோம். அப்போது சூயஸ் கால்வாய் இல்லை. தபால் அலெக்சாந்திரியாவில் இறங்கி, எகிப்தைத் தரைவழியாகக் கடந்து, சூயஸில் வேறு கப்பல் ஏறும். இங்கே ஒரு பெரிய தடை இருந்தது: கிழக்கிந்தியக் கம்பெனி. 1830 மார்ச்சில் 'ஹியூ லிண்ட்சே' என்ற நீராவிக் கப்பலை பம்பாயிலிருந்து சூயஸுக்கு ஓட்டிக் காட்டியதே அந்தக் கம்பெனிதான். பம்பாய்–சூயஸ் பாதையைத் தன் கடற்படையே நடத்தும் என்று பிடிவாதமாக வைத்துக்கொண்டது. அதனால் பி. அண்ட் ஓ. மறு கரையைப் பிடித்தது. 1842 செப்டம்பரில் 'ஹிந்துஸ்தான்' கப்பலை நன்னம்பிக்கை முனை சுற்றிக் கல்கத்தாவுக்கு அனுப்பி, ஒப்பந்தம் கையில் வருவதற்கு முன்பே கல்கத்தா–சூயஸ் ஓட்டத்தை ஆரம்பித்துவிட்டது.

ஒப்பந்தம் 1845இல் நடைமுறைக்கு வந்தது. மொத்தம் 1,60,000 பவுண்டு. இதைப் பிரித்துப் பார்த்தால் பேரத்தின் உள்கணக்கு தெரியும். சூயஸ்–இலங்கை–சென்னை–கல்கத்தா பாதைக்கு 1,15,000. மைலுக்கு 20 ஷில்லிங், அதாவது மைலுக்கு ஒரு பவுண்டு. மாதம் ஒரு தடவை போய்வந்தால் வருஷத்துக்கு 24 ஓட்டம். 1,15,000ஐ 24ஆல் வகுத்தால் ஏறக்குறைய 4,790 மைல் வரும். சூயஸிலிருந்து கல்கத்தாவுக்குக் கடல் வழி தூரம் கிட்டத்தட்ட அதுதான். இலங்கையிலிருந்து பினாங்கு, சிங்கப்பூர் வழியாக ஹாங்காங் போக 45,000. அங்கே மைலுக்கு 12 ஷில்லிங்தான். அதே கம்பெனி, அதே நிலக்கரி, பக்கத்துப் பக்கத்துக் கடல். ஒரு மைல் ஒரு பவுண்டு, அடுத்த மைல் 12 ஷில்லிங். செலவுக் கணக்கு மட்டுமே விலையைத் தீர்மானித்திருந்தால் இத்தனை வித்தியாசம் வந்திருக்காது. எந்தப் பாதை அரசுக்கு எவ்வளவு அவசரமாகத் தேவைப்பட்டது, அதில் கம்பெனிக்கு ஏற்கெனவே எவ்வளவு பிடி இருந்தது என்பதுதான் ஷில்லிங்காக மாறியது.

இந்த ஒப்பந்தத்தால் இலங்கையின் காலி என்ற ஊரின் துறைமுகம் முக்கியச் சந்திப்பானது. கல்கத்தாக் கப்பலும் சீனக் கப்பலும் அங்கேதான் தபாலைக் கைமாற்றிக்கொண்டன. சென்னையில் அப்போது துறைமுகமே கிடையாது. கப்பல் அலைக்கு அப்பால் நங்கூரம் போடும். ஆணி இல்லாமல் கயிற்றால் தைத்த மசூலாப் படகு போய் ஆட்களையும் மூட்டைகளையும் இறக்கும். படகு போக முடியாத அலையென்றால் கட்டுமரம்தான். கட்டுமரக்காரர் கூம்புத் தொப்பிக்குள் கடிதத்தை நனையாமல் செருகிக்கொண்டு, அலை கவிழ்த்தாலும் நீந்தி ஏறிக் கப்பலுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பார் என்று அந்தக் காலத்துப் பயணிகள் வியந்து எழுதியிருக்கிறார்கள். மைலுக்கு ஒரு பவுண்டு கணக்கில் வந்த தபாலின் கடைசி மைல் அவர் தலைமேல்தான் போனது. ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவிலும் அவருக்கு இடமில்லை.

பம்பாய்ப் பாதை கடைசியில் 1854இல் பி. அண்ட் ஓ.விடம் வந்தது. கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அந்த ஓட்டம் வருஷத்துக்கு லட்சம் பவுண்டுக்கு மேல் செலவு வைத்தது. பி. அண்ட் ஓ. 24,000க்கு எடுத்துக்கொண்டது. தியாகம் ஒன்றும் இல்லை. ஏடனில் நிலக்கரிக் கிடங்கு ஏற்கெனவே இருந்தது, சூயஸில் ஆட்கள் இருந்தார்கள், கூடுதல் ஓட்டத்துக்குக் கூடுதல் செலவு குறைவு. புதிதாக வரும் ஒருவர் இந்த விலைக்கு வரவே முடியாது. கம்பெனி விலை குறைத்த இடங்களையெல்லாம் கவனித்துப் பாருங்கள், அங்கே வேறொருவர் நுழைவதற்கு ஒரு வாசல் திறந்திருந்திருக்கும்.

வேறு ஆட்கள் முயலவில்லையா? முயன்றார்கள். 1851இல் ஈஸ்டர்ன் ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி என்று ஒன்று கிளம்பி, கிழக்குத் தபால் ஒப்பந்தத்துக்குப் போட்டி போட்டது. 1853 முதலான ஒப்பந்தம் 1,99,600 பவுண்டுக்கு மறுபடியும் பி. அண்ட் ஓ.வுக்கே போனது. நடுவழியில் எங்கும் நிலக்கரி ஏற்றாமலே கிழக்கே போய்வரும் ராட்சதக் கப்பலைக் கட்டலாம் என்று பொறியாளர் புருனேல் சொன்ன யோசனையைத் தோற்ற கம்பெனி ஏற்றுக்கொண்டது. அதுதான் 'கிரேட் ஈஸ்டர்ன்'. நிலக்கரிக் கிடங்கு இல்லாதவனுக்கு மானியம் கிடைக்காது, மானியம் இல்லாதவனால் கிடங்கு வைக்க முடியாது. இந்தச் சிக்கலை அறுக்கப் போய்தான் அன்றைய உலகின் மிகப் பெரிய கப்பல் பிறந்தது. கப்பல் வரலாறு எழுதுபவர்கள் இரும்பையும் எந்திரத்தையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். அந்தக் கப்பலின் கதை ஒரு தோற்ற டெண்டரில் தொடங்குகிறது என்பதையும் முதல் பத்தியில் சொல்ல வேண்டும்.

இன்னொரு முயற்சி ஆஸ்திரேலியப் பாதையில். 1853 ஒப்பந்தத்தில் சிங்கப்பூரிலிருந்து சிட்னிக்கு ஒரு கிளை இருந்தது. கிரிமியப் போர் வந்ததும் கப்பல்களைப் படை ஏற்ற எடுத்துக்கொண்டார்கள், கிளை நின்றது. போர் முடிந்த பிறகு அரசு ஐரோப்பிய–ஆஸ்திரேலியக் கம்பெனி என்ற புதியவர்களுக்கு 1,85,000 பவுண்டுக்கு ஒப்பந்தம் கொடுத்தது. போதுமான கப்பல் கையில் இல்லாமலே எடுத்துவிட்டார்கள். 1857இல் ஆரம்பித்த ஓட்டம் தாமதத்திலும் நஷ்டத்திலும் தள்ளாடி, அடுத்த வருஷமே கம்பெனி கவிழ்ந்தது. பாதை 1859இல் பி. அண்ட் ஓ.விடம் திரும்பியது. அதற்கு அப்புறம் 'புதியவருக்குக் கொடுத்துப் பார்ப்போமே' என்று பேசுவதற்கு அதிகாரிகளுக்குத் தைரியம் குறைந்துபோனது.

பேரம் லண்டனில் மட்டும் நடக்கவில்லை. எகிப்தைக் கடக்கும் தரைவழி தனி ஒப்பந்தம். ஆரம்பத்தில் அலெக்சாந்திரியாவிலிருந்து கால்வாய்ப் படகு, நைல் படகு, கெய்ரோவிலிருந்து பாலைவனத்தில் வண்டியும் ஒட்டகமும். பிறகு ரயில் வந்தது. 1858 தொடக்கத்தில், ரயில் சூயஸை நெருங்கிக்கொண்டிருந்தபோது, தபாலை ரயிலில் கொண்டுபோகும் உடன்படிக்கை பேச தபால் இலாகா ஓர் ஊழியரை அனுப்பியது. அவர்தான் நாவலாசிரியர் ஆந்தனி ட்ரோலப். அந்தப் பேச்சுவார்த்தையைத் தன் வாழ்க்கை வரலாற்றில் அவரே சொல்லியிருக்கிறார். எதிரே உட்கார்ந்தவர் நுபார் பே என்ற எகிப்திய அதிகாரி. ட்ரோலப் தங்கியிருந்த விடுதிக்கே வருவார். காபியும் புகையுமாகப் பேச்சு நடக்கும். அலெக்சாந்திரியாவிலிருந்து சூயஸுக்கு 24 மணி நேரத்துக்குள் தபால் போக வேண்டும் என்பது ட்ரோலப்பின் நிபந்தனை. நுபார் 48 மணி நேரம் கேட்டார். அவ்வளவு வேகத்துக்கு ஒப்புக்கொண்டால் நாடே ரத்தமும் நாசமும் ஆகிவிடும், நான் பதவி விலகுவேன் என்று வரை பேசினார். அந்தப் பயங்கரச் சித்திரம் அவர் மூளையில் உதித்தது அல்ல என்று ட்ரோலப் உறுதியாக நம்பினார். அவகாசம் தேவைப்பட்டது கப்பல் கம்பெனிக்கு. நுபாரின் வாயால் பேசியது ஓர் ஆங்கிலேயர் என்பது அவர் முடிவு. விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் 24 மணி நேரத்துக்கே சம்மதம் வந்தது. அரசு வாங்குவது தேதியையும் மணியையும் என்று மேலே சொன்னேனே, அதற்கு இதைவிட நல்ல காட்சி எனக்குத் தெரியாது.

1860 வாக்கில் இங்கிலாந்தில் சில ஒப்பந்தங்கள் நாறின. டோவரிலிருந்து ஆங்கிலக் கால்வாயைத் தாண்டும் தபாலின் ஒப்பந்தக்காரருடைய ஒப்பந்தம் கெடுவுக்கு முன்பே நீட்டிக்கப்பட்டதில் தேர்தல் ஆதரவு பேசப்பட்டது என்ற குற்றச்சாட்டும், அயர்லாந்தின் கால்வே கம்பெனிக்குக் கொடுத்த மானியமும் நாடாளுமன்றத்தைக் கொதிக்க வைத்தன. விளைவாக, தபால் கப்பல் பொறுப்பு அட்மிரால்டியிலிருந்து தபால் இலாகாவுக்குப் போனது. ஒப்பந்தத்தை மக்களவையின் மேசையில் ஒரு மாதம் வைக்க வேண்டும், அதன் பிறகுதான் அது செல்லும் என்ற விதியும் வந்தது.

நான் அதிகம் யோசித்துப் பார்த்தது 1867 ஒப்பந்தத்தைத்தான். முந்தைய வருஷம் நாடாளுமன்றக் குழு ஒன்று, இந்தியாவுக்கு வாராவாரம் தபால் வேண்டும், பம்பாயே இறங்கு துறையாக இருக்கட்டும் என்று பரிந்துரைத்தது. பி. அண்ட் ஓ. அப்போது பண நெருக்கடியில் இருந்தது. பழைய ஒப்பந்தத்துக்கு நோட்டீஸ் கொடுத்துத் திறந்த டெண்டர் கேட்டார்கள். சரியான மாற்று வரவில்லை. கடைசியில் எழுதிய பிரிவு இது: அடிப்படை மானியம் வருஷத்துக்கு 4 லட்சம் பவுண்டு. கம்பெனியால் பங்குதாரர்களுக்கு 8 சதவீத லாபப் பங்கு கொடுக்க முடியாவிட்டால், குறையும் தொகையை அரசு நிரப்பும், 5 லட்சம் வரை. 8 சதவீதத்துக்கு மேல் போனால் அந்த மிச்சத்தில் கால் பங்கு அரசுக்கு.

இதை நிதானமாகப் படித்துப் பாருங்கள். குறையும் பக்கம் ஒரு லட்சம் பவுண்டு வரை அரசே தாங்கும், லாபத்தின் பக்கம் கால் பங்குதான். ஒரு தனியார் கம்பெனியின் லாப விகிதத்துக்கு வரிப்பணம் ஜாமீன். வேறு ஆள் இல்லை என்று இரண்டு பக்கமும் தெரிந்த பிறகு நடக்கும் பேரம் இப்படித்தான் முடியும். மூன்றே வருஷத்தில் அந்த ஏற்பாடு ஒத்துவராமல், 1870இல் 4,50,000 என்று நிலையான தொகைக்கு மாற்றினார்கள்.

இதற்கு நடுவில் 1869 நவம்பரில் சூயஸ் கால்வாய் திறந்தது. அதன் பிறகு நடந்ததுதான் விசித்திரம். ஒப்பந்தத்தில் தபால் எகிப்தை ரயிலில் கடக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. ரயில் கால்வாயைவிட வேகம் என்பதும் உண்மை. அன்று கப்பல்கள் கால்வாயில் மெதுவாக, பகலில் மட்டுமே போகும். அதனால் பி. அண்ட் ஓ. கப்பல் அலெக்சாந்திரியாவில் தபாலை இறக்கும், தபால் ரயிலேறி சூயஸுக்குப் போகும், அதே கப்பல் கால்வாய் வழியாக வந்து, சூயஸில் அதே தபாலை மறுபடி ஏற்றிக்கொள்ளும். கால்வாய் வழியாகவே தபாலைக் கொண்டுபோக அனுமதி கேட்டபோது, செலவு மிச்சமாகிறதே, மானியத்தில் 30,000 குறையுங்கள் என்றது தபால் இலாகா. கம்பெனி மறுத்தது. 1874இல்தான் 20,000 குறைத்துக்கொள்வது என்று ஒத்துக்கொண்டார்கள். இடைப்பட்ட காலமெல்லாம் மூட்டைகள் இறங்கி ஏறிக்கொண்டே இருந்தன.

இந்தச் சண்டையில் நான் தபால் இலாகாவின் பக்கம். முப்பது வருஷமாகக் கம்பெனியின் பலம் என்பது எகிப்தின் இரு கரையிலும் அது வைத்திருந்த கப்பலும் கிடங்கும்தான். கால்வாய் அந்தப் பலத்தை ஒரே நாளில் கரைத்தது. முதல் தடவையாக அரசின் கை ஓங்கியிருந்தது. அதை அவர்கள் பயன்படுத்தாமல் விட்டிருந்தால்தான் தப்பு.

அதன் பிறகு தொகை இறங்குமுகம். 1880இல் 3,60,000. 1888இல் இந்திய–சீனப் பாதைக்கு 2,65,000, ஆஸ்திரேலியாவுக்குத் தனியாக 85,000. கால்வாயும் குறைந்த நிலக்கரியில் ஓடும் புது எந்திரங்களும் சேர்ந்து, மானியமே இல்லாமல் கிழக்கே போகும் கப்பல்களை நூற்றுக்கணக்கில் கொண்டுவந்துவிட்டன. அரசின் பேச்சுத் திறமை கூடியதால் விலை இறங்கியது என்று எனக்குத் தோன்றவில்லை. கடலில் ஆள் பெருகிவிட்டார்கள், அவ்வளவுதான்.

கேட்டவர் 'யார் பேசினார்கள்' என்றும் கேட்டிருந்தார். அதில்தான் எனக்கு மனக்குறை. இந்த மானியத்தில் ஒரு பங்கு இந்திய வருவாயிலிருந்து போனது. மேசையில் உட்கார்ந்தவர்களோ தபால் இலாகா, கருவூலம், கம்பெனி. இந்தியாவின் பெயரில் பேசியவரும் லண்டனில் இருந்த இந்தியா அமைச்சர்தான். ஆஸ்திரேலியக் காலனிகளும் பங்கு கொடுத்தன, ஆனால் அவர்களுக்குச் சொந்தச் சட்டமன்றம் இருந்தது. பிடிக்காதபோது விலகினார்கள். விக்டோரியா காலனி 1880இல் பி. அண்ட் ஓ.வோடு நேரடியாகத் தன் ஒப்பந்தத்தைப் பேசிக்கொண்டது. குயின்ஸ்லாந்து, தபால் தன் வடக்குக் கரை வழியாகத்தான் வர வேண்டும் என்று டோரஸ் நீரிணைப் பாதைக்கு வருஷம் 55,000 பவுண்டு கொடுத்து வேறு கம்பெனியை அமர்த்தியது.

அந்தக் கம்பெனி எது தெரியுமா? பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன். கல்கத்தா–ரங்கூன் தபாலில் தொடங்கி, இந்திய அரசின் கரையோரத் தபால் ஒப்பந்தங்களில் வளர்ந்தது. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் நம் ஆட்களை ஏற்றிப்போன கப்பல்கள் அவர்களுடையவைதான். கரையோர ஓட்டங்களுக்கான ஒப்பந்தத்தை இந்தியாவில் இருந்த அரசே பேச முடிந்தது. லண்டன் பாதை மட்டும் கடைசி வரை லண்டனில்தான். 1871இல் பம்பாய்–சென்னை ரயில் ராய்ச்சூரில் இணைந்த பிறகு சீமைத் தபால் சென்னைக்கு ரயிலில் வர ஆரம்பித்தது. அலைக்கு அப்பால் நங்கூரம் போட்ட தபால் கப்பலை எதிர்பார்த்துக் கட்டுமரக்காரர் கரையில் நிற்க வேண்டிய தேவையும் அதோடு குறைந்துபோனது.